இரண்டாவது வழி

மார்ச் 3
ஆறு மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றோடு இரண்டு வருடம். மலை உச்சியில் ஓர் அறை, ஒரு கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் இரையும் பெட்டிகள். மலைக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனைக்கு இணையம் இவை வழியாகத்தான் போகிறது. ரவுட்டர் மாதம் இருமுறை உறைந்துபோகும். அதைத் தட்டி எழுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

வீட்டில் மகள் என்னைப் "போன் அம்மா" என்கிறாளாம். நாலு வயது. கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9
மேனேஜர் ஒருவழியாக இறங்கி வந்தார். ரவுட்டரோடு சிம் போட்ட மோடம் ஒன்றை இணைத்துவிட்டால், மெயின் லைன் செத்தாலும் செல்போன் டவர் வழியாக எங்கிருந்தும் ரவுட்டருக்குள் நுழைந்து அதை எழுப்பலாம். எத்தனை மாதமாகக் கரடியாகக் கத்தினேன்!

"அது வேலை செஞ்சா ரூமைப் பூட்டிட்டு வந்துடும்மா" என்றார்.

மார்ச் 17
ரவுட்டரிலிருந்து மெயின் வயரைப் பிடுங்கினேன். வாசற்படியில் உட்கார்ந்து சிம் வழியாக முயன்றேன். திறந்தது! அறிக்கை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24
மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. முப்பதாம் தேதி வீடு.

மார்ச் 26
மலையேறி வரும் மெயின் கேபிளில் ஒட்டுப்போடக் கேபிள்காரர் வந்தார். கேபிளையே பத்து நிமிடம் நிறுத்தினார். என் போனில் சிக்னல் போனது. மோடத்திலும் போனது.

"டவருக்கே லைன் உங்க பெட்டியில இருந்துதானே மேடம் போகுது" என்றார், சர்வ சாதாரணமாக.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. அன்று நான் பிடுங்கியது ஒரே ஒரு வயரை. கேபிள் உயிரோடு இருந்ததால் டவரும் இருந்தது, நானும் பாஸ். கேபிள் போனால் இரண்டு வழியும் சேர்ந்தே போகும்.

மார்ச் 27
சொல்லணும். சொன்னா உத்தரவு போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இதே சுவர். கேபிள் என்ன தினமுமா அறுபடுது? நான் மட்டும் ஏன் —

மார்ச் 30
சொல்லவில்லை. அறையைப் பூட்டினேன். பஸ்ஸில் ஏறினேன்.

ஏப்ரல் 5
வீடு. மகள் இரண்டு நாள் அப்பா முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இப்போது மடியை விட்டு இறங்குவதில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்க்கிறேன். அந்த அறை என்னோடு கூடவே வந்துவிட்டது.

ஏப்ரல் 11
அவளுக்குத் தலை வாரும்போதும் ஒரு கையில் போன். திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நீ இங்கயும் போன் அம்மாதான்."

சீப்பை வைத்துவிட்டு மேனேஜரை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தெரியும்?"

"கிளம்புறதுக்கு முன்னாடியே சார்."

சரிசெய்யும்வரை மேலேயே இரு என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 14
மீண்டும் அதே கட்டில். எதிர்மலையில் வேறொரு கம்பெனி டவர் இருக்கிறது. அதன் லைன் வேறு வழியாக வருகிறது. இந்த முறை விசாரித்துவிட்டேன். அறைக்குள் சிக்னல் இல்லை. கூரைமேல் லேசாகப் பிடிக்கிறது.

ஏப்ரல் 19
மோடத்தில் அந்தக் கம்பெனி சிம்மைப் போட்டு, கூரையில் கம்பம் நட்டு அதற்கு ஆன்டெனா கட்டினேன். முழங்கை தோல் உரிந்துவிட்டது. போனில் மகள் எப்போ வருவாய் என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியலை கண்ணு என்றேன்.

ஏப்ரல் 21
சோதனைக்காக லைனை நிறுத்த மருத்துவமனையில் சொல்லி அனுமதி வாங்கியாயிற்று. என் மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. ரவுட்டரை அணைத்து எழுப்பும் கட்டளையைக் கணவர் அதில் அடித்து வைப்பார். சரியாக நாலு மணிக்கு மகள் ஒரே ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும்.

மூன்று ஐம்பதுக்குக் கேபிள்காரர் மொத்த லைனையும் நிறுத்தினார். என் போன் செத்தது. இனி யாரையும் கேட்க முடியாது. பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

நாலு. ஒன்றும் நடக்கவில்லை.

நாலு ஒன்று. நகத்தைக் கடித்துத் துப்பினேன்.

நாலு இரண்டு. பச்சை விளக்குகள் எல்லாம் பட்டென்று அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன.

கேபிள்காரர் எட்டிப் பார்த்து, ஏன் மேடம் அழுகிறீர்கள் என்று கேட்டார். என் பொண்ணு கூப்பிட்டா என்றேன்.

படுக்கையைச் சுருட்டிவிட்டேன்.