யானையை இரண்டாக வெட்டச் சொல்லும் உத்தரவு குறித்து

அனுப்புநர்
தையற்காரி,
தொடக்கப்பள்ளிக்கு எதிர்க்கடை.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளி நாடகத்தைச் சபைவாரியாகப் பிரிக்கும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளிக்கு ஊரின் இரண்டு திருச்சபைகளும் இரண்டு கண்கள். மேட்டுச் சபை மண்டபம் தருகிறது. பாலத்தடிச் சபை பெஞ்சும் ஆர்மோனியமும் தருகிறது. போதகர்கள் இருவருக்கும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது.

இவ்வருட நாடகம் நோவாவின் பேழை; விலங்குகள் ஜோடி ஜோடியாகக் கப்பலேறும் கதை. ஆசிரியை பிள்ளைகளை உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். சபை பார்க்க மறந்துபோனார். அதனால் ஜோடிக்கு ஒன்று மேடு, ஒன்று பாலத்தடி. நாடகம் யார் ஆலயத்தில் என்று போதகர்கள் மல்லுக்கு நிற்க, அவரவர் பிள்ளைகள் அவரவர் ஆலயத்தில் நடிக்கட்டும் என்று தாங்கள் உத்தரவிட்டுவிட்டீர்கள். ஒற்றைச் சிங்கத்தையும் ஒற்றை முயலையும் ஏற்றிக்கொண்டு நோவா எங்கே போவார், ஐயா?

அது போகட்டும், யானைக்கு வருகிறேன். பழைய திரைச்சீலையில் நான் தைத்தது. துணி போதாததால் ஒரே யானை. அதற்குள் இரண்டு பிள்ளைகள். முன்கால் என் மகள், மேடு. பின்கால் ரொட்டிக்கடைக்காரர் மகள், பாலத்தடி.

என் மகள் பள்ளியில் வாய் திறக்காதவள். பேர் வாசித்தால்கூடக் கையைத்தான் தூக்குவாள். செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு பிளிறல் வந்தது பாருங்கள்! ஆசிரியை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கூடவே ஓர் அதட்டல்: “ஏய், என் கால மிதிக்காத! நான் சொன்னப்புறம் நட!” என் மகளின் குரல், ஐயா! ஓரம் தைக்கப் போயிருந்த நான் அழுதேன், சிரித்தேன்; கையிலிருந்த ஊசி எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. (யானைக்குள் இல்லை; நன்றாகத் தேடிவிட்டேன்.)

உத்தரவு வந்த அன்று வீட்டில், “பின்னாடி அவ இல்லன்னா எனக்குச் சத்தம் வராதும்மா” என்றாள். நேற்று பள்ளியில் மறுபடியும் கையைத்தான் தூக்கினாளாம்.

ஆகவே, சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பள்ளி முற்றத்திலேயே நடிக்க அனுமதிக்குமாறு மன்றாடிக் கேட்கிறேன். அனுமதித்தால் யானையை முழுதாகத் திருப்பி அனுப்புங்கள். மறுப்பதானால், வெட்ட வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன். எனக்குக் கை ஓடவில்லை. தாங்களே வெட்டித் தர வேண்டும்.

இடம்: தையற்கடை
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
முன்கால்களின் தாய்

இணைப்பு: யானை – 1, கத்தரிக்கோல் – 1