டிரம்மில் பிடித்த தண்ணீர்

நண்பா,

இன்று காலை தொம்மலூரில், உன் வீட்டுச் சந்திலேயே ஒரு போர்வெல்லின் மூடியைத் திறந்தேன். பெயிண்ட் தின்னர் மாதிரி அந்த இனிப்பு வாடை குப்பென்று ஏறியது. போன வருஷம் அந்த மாரடைப்பு உன்னைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால், என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருப்பாய். "டேய், மூக்கை உள்ள விடாதடா. கேஸ் மீட்டர் எதுக்கு இருக்கு?" இழுக்க ஆளில்லை என்றதும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் விஷம் எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடும். சுத்தம் செய்வது வேறு யாரோ. "எங்கப்பா கே.ஜி.எஃப்ல தங்கத்துக்குத் தோண்டினாரு. நான் பாரு, கழிவுக்குத் தோண்டுறேன்" என்று சிரிப்பாய்.

சோதனைக்கு மாதிரி எடுக்குமுன் குழாயில் தேங்கிய தண்ணீரை இறைத்து டிரம்மில் பிடிப்போமே, அப்போதுதான் வம்பு. மோட்டார் சத்தம் கேட்டால் போதும், எந்தத் தெருவிலும் பெண்கள் குடத்தோடு ஓடி வந்துவிடுவார்கள். நீ டிரம்முக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, "பேடா அக்கா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாமெனக் கெஞ்சுவாய். தமிழில் திட்டு வாங்குவாய்.

இன்று குடத்தோடு வந்தது உன் மனைவி.

"வீணாத்தானே போகுது, அண்ணா. துணி அலசவாவது குடுங்க."

"வேணாம்மா. மூலையில மூடிக் கிடக்குற பட்டறையில ஊத்தின கெமிக்கல் இங்க வரைக்கும் வந்திருச்சு. போன டெஸ்ட்லயே தெரிஞ்சுபோச்சு. உங்க வீட்டு போர் தண்ணியையும் தொடாதீங்க."

"அப்போ பாப்பாவ எதுல குளிப்பாட்டறது?"

டிரம்மின் மூடியை இறுக்கினேன். நம் அறிக்கை போய், பட்டறைக்காரரைத் தேடிப் பிடித்து, யார் சுத்தம் செய்வது என்று முடிவாவதற்குள் பாப்பா பள்ளிக்கூடமே முடித்துவிடுவாள். உனக்குத் தெரியாததா? முன்பெல்லாம் டீக்கடையில் நின்று இருவரும் புலம்பித் தீர்ப்போம். இப்போது அதற்கும் துணையில்லை.

சாயங்காலம் இரண்டு கேன் தண்ணீர் வாங்கி உன் வீட்டில் இறக்கினேன். இனியும் இறக்குவேன். என்னால் ஆவது அவ்வளவுதான். வெளியே வந்தபோது அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நின்றிருந்தாள்.

"எங்களுக்குக் கேன் தண்ணி எப்போ சார் வரும்?"

வெறுமனே தலையை ஆட்டினேன். அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்கும் சொல்ல அவள் ஓடினாள். அவள் ஓடிய ஓட்டம் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, நண்பா.