பத்து நிமிட ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். சலவைக் கூடத்தில் துணி மடிக்கும் எந்திரத்தில் விரல் லேசாக மாட்டியது. கட்டுப் போட்டு லீவும் கொடுத்தார்கள், கவலை வேண்டாம். அந்த லீவில்தான் ஆன்லைனில் உங்களோடு பத்து நிமிடச் செஸ் ஆட முடிந்தது.

போனில் ஒவ்வொரு நகர்த்தலாக அனுப்பி ஆடும் நம் வழக்கமான ஆட்டத்தில் ஒரு காயை நகர்த்த உங்களுக்கு இரண்டு நாள் வேண்டும். அன்றோ ஏழே நிமிடத்தில் என் ராஜாவை மடக்கிவிட்டீர்கள். இவ்வளவு வேகமானவருக்கு எதற்கு இரண்டு நாள் என்று ஒரே குடைச்சல். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எந்தக் காய்னு காலையிலயே முடிவு பண்ணிடுவாருடி. உடனே அனுப்பினா ஆட்டம் முடிஞ்சிடும், அப்புறம் அவ எங்க நம்மளத் தேடப்போறான்னு அனுப்பாம வச்சிருப்பாரு" என்று சிரித்தார்.

அப்பா, உங்கள் காய் வராத நாளில் சாப்பாட்டு இடைவேளை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி யோசித்தவுடன் அனுப்புங்கள். சீக்கிரமே என்னைத் தோற்கடியுங்கள், அன்றே அடுத்த ஆட்டம் தொடங்குகிறேன்.

அறை குளிர்கிறது; அம்மாவின் பழைய போர்வையைத் துவைக்காமலே அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்