ஏழு மனுக்களிலும் நீ அடித்துவிட்ட வரி

நேற்று உன் மனைவி ஒரு கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த, மூக்கை அரிக்கும் வாடை. தேனியில் உரக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தவனின் காகிதங்கள் வேறெப்படி மணக்கும்? "எல்லாம் ஒங்க கையெழுத்தா இருக்கு மதினி. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். நீ போய் ஓராண்டு கழித்து இப்போதுதான் அலமாரியை ஒழித்திருக்கிறாள்.

இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். நான் உன்னை ஏசத்தான் உட்கார்ந்திருக்கிறேன், தம்பி.

தொலைபேசித் துறை வேலையை உதறிவிட்டு நீ சொந்தமாக இணையச் சேவை தொடங்கியபோது, பெரிய நிறுவனங்கள் இந்தப் பள்ளத்தாக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோம்பை வரைக்கும் இணையக் கோபுரம் நட்டாய். இணைப்போடு நின்றிருந்தால் பிழைத்திருப்பாய். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உன் நிறுவனப் பெயரில் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்து, அதற்கென்று ஒரு சர்வரையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாய். "நம்ம தபாலு நம்ம பெட்டியில கெடக்கட்டும்க்கா" என்பாய். முதல் முகவரி எனக்கு. ஆங்கிலப் பேராசிரியையாக ஓய்வுபெற்று, முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளராகவும் இருந்த நான், சங்கத்தின் சுற்றறிக்கைகள் அனைத்தையும் அந்த முகவரியிலிருந்துதான் அனுப்பினேன்.

பிறகு ஒரு தை மாதம் வந்தது. ஊரில் பாதிப்பேர் முகவரி வைத்திருக்கும் அந்தப் பெரிய அஞ்சல் சேவை, உன் சர்வரிலிருந்து வந்த கடிதங்களை வாங்க மறுத்தது. உன் வாடிக்கையாளர்களில் யாரோ ஒருவர் வேண்டாத அஞ்சல்களை மொத்தமாக அனுப்புகிறாராம். ஆகவே அனைவரின் கடிதங்களும் திருப்பப்படுமாம். ஒரு வீட்டில் குற்றம் என்றால் தெருவுக்கே ஊர்விலக்கு. சில வாரங்களில் தடை தானாக நீங்கும், மீண்டும் விழும்.

அதை உடனே நீக்கச் சொல்லிக் கெஞ்சும் வேலை எனக்கு வந்தது. பெரியகுளத்திலிருந்து பேருந்தேறி வந்து, மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவதுபோல், பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். நீ தட்டச்சு செய்து அனுப்பினாய். நான் பேனாவை மூடுவதற்குள் பதில் வந்தது: பரிசீலித்தோம், தளர்வளிக்க இயலாது.

"ஏலே, அவன் படிச்சுப் பாத்தானா?"

"அங்கன ஆளே இல்லக்கா. மெசினு."

இயந்திரத்துக்கு ஏழு மனு எழுதினேன். ஏழிலும் ஒரு வரி உண்டு: 'குற்றமிழைத்தவரை இனங்கண்டு, அவருடைய கணக்கை நிரந்தரமாக நீக்கிவிட்டோம்.' அவர்கள் கேட்பதே அதைத்தான். ஏழிலும் நீ அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாய். ஏனென்று கேட்டபோது, "பொய்யி எதுக்குக்கா" என்றாய். அப்படியானால் மெய்யாகவே நீக்கித் தொலை என்று கத்தினேன்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி படியேறி வந்த நாள் நினைவிருக்கிறதா? வடக்கே ஒரு பெரிய கொள்முதல்காரருக்கு அவர் அனுப்பிய விலை போய்ச் சேரவில்லை.

"நாலு நாளா பதிலக் காணமேன்னு நானும் ஒக்காந்துருக்கேன். அவுக வேற ஆளுகிட்ட எடுத்துட்டாக தம்பி! ஒன் மெயிலுக்கு எங்க சந்தை நாயி தேவல, கூப்புட்டா வந்துரும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எவனோ ஒருத்தன் குப்பையக் கொட்டுறான், ஊரே நாறுது. அவனைப் பிடிச்சு வெளியே தள்ளுலே!" என்றேன்.

"டீச்சரம்மா சொல்றாகள்ல, தள்ளுப்பா. ஆளு யாருன்னு தெரிஞ்சுச்சா, இல்லையா?"

"தெரிஞ்சுருச்சுண்ணே."

"பெறகென்ன?"

"பழைய ஆளு. ரோசம் சாஸ்தி."

சொல்லிவிட்டு, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை எழுந்துபோய் நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டாய்.

வியாபாரி போனார். அவர் பின்னால் மற்றவர்கள் போனார்கள். மருத்துவமனை போனது, விதைக்கடை போனது. கடைசியில் கோபுரங்களை ஒரு பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவர்களுக்கே கேபிள் இழுக்கும் ஒப்பந்தக்காரனாக வெயிலில் அலைந்தாய். இரண்டாவது கோடையில் நெஞ்சுவலி.

நேற்றுக் கோப்பில் என் ஏழு மனுக்களும் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் நீ சில தாள்களைக் குத்தி வைத்திருந்தாய். யாராவது ஓர் அஞ்சலை வேண்டாதது என்று குறித்தால், அந்தப் பெரிய சேவை அதன் நகலை உனக்கு அனுப்பிவைக்குமாம். முதல் நகலைப் படித்தேன். 'அன்பார்ந்த முன்னாள் மாணவ மாணவியரே.'

என் பொங்கல் வாழ்த்து. அடுத்தது ஆண்டுவிழா அழைப்பு. அதற்கடுத்தது, தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் மறைவுச் செய்தி. அதையும் குப்பை என்று குறித்திருக்கிறார்கள். நான் சுற்றறிக்கை விட்ட ஒவ்வொரு முறையும் மறுநாளோ அதற்கு மறுநாளோ உனக்குத் தடை விழுந்திருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தேன். 'எனக்கு அனுப்பாதீர்கள் மேடம்' என்று எழுத அவர்களில் ஒருவருக்கும் துணிவில்லை. பொத்தானை அழுத்த விரல் மட்டும் இருந்திருக்கிறது.

நீ ஒரே ஒரு முறை வாய் திறந்தாய். "இம்புட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்பணுமாக்கா? வேணுங்கறவுகளுக்கு மட்டும் அனுப்பலாம்ல?" என்றாய். "பத்திரிகை வச்சா ஊருக்கே வைக்கணும். பாதித் தெருவோட திரும்புறவ நானில்லை" என்றேன். "சரிக்கா" என்றாய். அந்தச் சரிக்காவில் உன் பிழைப்பு போயிற்று. எனக்கு அது அப்போது பணிவாகத் தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். சினந்திருப்பேன். மூன்று மாதம் உன் வீட்டுப் படி மிதித்திருக்க மாட்டேன். அதன்பின் நிறுத்தியிருப்பேன். அந்த மூன்று மாதத்துக்கு அஞ்சி ஒரு நிறுவனத்தையே கொடுத்துவிட்டாய். முட்டாள். உன்னைச் சொல்லி என்ன? முகத்துக்கு நேரே எவரும் உண்மை சொல்ல முடியாத ஒருத்தியாக நான் இருந்திருக்கிறேன். அதை நான் கண்டிப்பு என்று அழைத்துக்கொண்டேன்.

கோப்பின் அடியில் எட்டாவதாக ஒரு விண்ணப்பம் இருந்தது. எனக்குக் காட்டாமல் நீயே நிரப்பியது. குற்றமிழைத்தவர் யார், அவர்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்ட கட்டத்தில் உன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய்: அனுப்பியவர் என் அக்கா. நீக்க முடியாது.

அதற்கும் உடனே பதில் வந்திருந்தது: பரிசீலித்தோம், இயலாது.

இன்று காலை சங்கத்தின் தலைவருக்கு என் பதவிவிலகல் கடிதத்தை எழுதினேன். முகவரிப் பட்டியலையும் அதோடு இணைத்தேன். இனி கேட்பவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள் என்றேன். கடைசியில், குற்றமிழைத்தவரை இனங்கண்டு நிரந்தரமாக நீக்கிவிட்டோம் என்ற வரியைச் சேர்த்தேன். அவருக்கு அது விளங்காது.

மடித்து உறையிலிட்டு, கோப்பின்மேல் வைத்திருக்கிறேன். உன் சிவப்புப் பேனாவும் கோப்புக்குள்தான் கிடக்கிறது. அந்த வரி அப்படியே இருக்கிறது.