பாதி பாதி இல்லை

விரலில் கறிவேப்பிலை வாசம் இன்னும் போகவில்லை. காலையில் உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். அடுத்த வாரம் அயர்லாந்துக்குப் புறப்பட வேண்டும். ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, சேர்ந்து பரீட்சை எழுதி, நாம் இருவரும் சேர்ந்து போக இருந்த ஊர். காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் அம்மா முகம் வாடினால் நானும் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை அவருக்கு இன்னும் அடங்கவில்லை. பேசும்போதே வாசலில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றின் நுனியைக் கிள்ளிவிடுகிறார். மலையிலிருந்து இறங்கி வந்ததும் நட்ட கன்று, இன்னும் என் முழங்காலைத் தாண்டவில்லை.

எஸ்டேட் வீட்டைக் காலி செய்த அன்று, சாமான் ஏற்ற நானும் மலைக்கு வந்தேனே. அட்டைக்கடியும் குளிரும் இன்றோடு விட்டது என்று காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தவர், வண்டி புறப்படும் நேரத்தில் இறங்கிப்போய், காலி வீட்டைப் பெருக்கி வாசல் தெளித்தார். டிரைவர் ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. அம்மா சந்தோஷமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா என்று உன்னிடம் கேட்டேன்.

"ஆம்பிவலன்ட்" என்றாய்.

வெளிநாட்டுப் பரீட்சைக்காகப் போன இங்கிலீஷ் வகுப்பில் அந்த வாரம்தான் படித்த சொல். பரீட்சையில் அதை எடுத்துவிட்டால் மார்க் கூடும் என்று உருப்போட்டிருந்தேன். எதிலும் ஒட்டாத மதில்மேல் பூனை என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. உன் அம்மா அப்படியா என்று சிரித்தேன்.

"அப்படி இல்லட்டி. அம்மைக்கு ரெண்டும் இருக்கு. பாதி பாதி இல்ல, ரெண்டும் முழுசா இருக்கு."

ஒரே புத்தகம், ஒரே பெஞ்சு. நான் மார்க்குக்காகப் படித்த சொல்லில் நீ உன் அம்மாவைப் பார்த்திருந்தாய். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு நெஞ்சில் முழுசாக இரண்டுக்கும் இடம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்று கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போறது எனக்கு நெசமாவே சந்தோசம் பிள்ள. ஆனா உன் மொகத்தப் பாக்க முடியல."

சொல்லிவிட்டுக் கன்றின் பக்கம் திரும்பினார். கிள்ளிய கொழுந்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அந்தச் சொல்லை அவரிடம் நான் சொல்லவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

உனக்கும் சேர்த்துப் போகிறேன். நீ இல்லாமல் போகிறேன். இரண்டும் முழுசாக இருக்கிறது.