பழைய ஏசிக்குப் புது கேஸ் போட மறுத்தது

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி, மாமாவின் இருமல் எப்படி?

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்படாதே. பழைய ஏசிக்குப் போடுகிற கேஸை இனி விற்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. ஏசி ரிப்பேருக்குப் போன இடத்தில் ஒரு வீட்டுக்காரன், "புது கேஸையே இதுல அடைச்சு விடுய்யா" என்றான்.

"அது தீப்பிடிக்கிற கேஸ் சார். பழைய மெஷின் தாங்காது. உள்ளே குழந்தை தூங்குது."

"புது ஏசி விக்கத்தானே இந்தப் புளுகு?" என்று என் ஸ்பேனராலேயே என் மணிக்கட்டில் ஒன்று போட்டான். எலும்பு முறிந்த சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. நான் விட்ட உதையில் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பெயர்த்தெடுக்க நாலு பேர் வந்தார்கள். தரையெல்லாம் ரத்தம். கேஸ் சிலிண்டரை மட்டும் நான் கையைவிட்டு விடவில்லை.

கடைசியில் அவன் பெண்டாட்டி ஓடிவந்து, "பிள்ளையைவிடக் குளிர்ச்சியா பெருசு?" என்று ஏசி வயரையே பிடுங்கி எறிந்தாள்.

பட்டன் இல்லாத பனியன் இரண்டு அனுப்பு. ஒற்றைக் கையால் சட்டைக்குப் பட்டன் போட வரவில்லை. போட்டுவிடவும் இங்கே ஆளில்லை.

கம்பெனி வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், ஓடுகிறேன்.

உன் தம்பி