ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு

ஆவணி, கடைசி ஞாயிறு.

இடுப்பு இன்னும் வலிக்கிறது. தச்சநல்லூரில் இருந்து உவரி வரைக்கும் இவருடைய புது பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். எல்லாம் விளைமீன் குழம்புக்காக. "அங்கன கடலுல இருந்து நேரா சட்டிக்குத்தான் வரும், பாரு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

உவரியில் சாப்பாட்டுக்கடை அக்கா எங்கள் இலையில் சாம்பாரை ஊற்றினாள். மீன் எங்கே என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எங்க ஆளுக கடலுக்குப் போக மாட்டாகல்லா? எல்லாரும் மாதா கோயில்ல பூசையில இருக்காக. நேத்து வந்திருக்கக் கூடாதா?"

நேற்றே போவோம் என்றுதான் நானும் சொன்னேன். கேட்டாரா?

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "முருங்கைக்கா நல்லா வெந்திருக்குல்லா?" என்றார்.

திரும்பும்போது நாங்குநேரி வரும்வரை இவர் தோளைத் தொடாமல் பின்கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தேன். அங்கே டீக்கு நிறுத்தினார். "கோவப்படாத செல்வி. வாற சனிக்கிழமையே கூட்டிட்டுப் போயிருதேன். சத்தியமா."

இப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். வருகிற சனி, புரட்டாசி முதல் சனி. பைக் வாங்கிவிட்டால் புரட்டாசிச் சனி தவறாமல் விரதம் இருக்கிறேன் என்று பெருமாளிடம் நேர்ந்துகொண்டவர் இவர்தான். சுத்தமாக மறந்துவிட்டுக் குறட்டை விடுகிறார்.

எழுப்பிச் சொல்லலாம். சொல்லப் போவதில்லை. நேர்ச்சையும் அவருடையது, சத்தியமும் அவருடையது. சனிக்கிழமை உவரி வரைக்கும் சந்தோஷமாக வண்டி ஓட்டட்டும். என் இலையில் மீன் விழுந்த பிறகு நானே ஞாபகப்படுத்துகிறேன்.